ஒட்டு நிற்கும் வரை

தென்காசியில் ஒரு நெல் மில்லில் நான் இன்ஜின் டிரைவராக இருந்தேன். டிரைவர் என்றதும் ஊர் ஊராகச் சுற்றியவன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஓட்டிய இன்ஜினைச் சிமெண்டு மேடையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கிளப்பினால் மாலைவரை தடதடவென்று ஓடும். ஓர் அங்குலம் நகராது. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் நான். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே உமிக் குவியல். குற்றால மலையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து போவார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது உமி மலையைத்தான்.

அந்த அறையை நான் வெறுத்தேன். தவிட்டுத் தூசி சட்டைக்குள் இறங்கி அரிக்கும். டீசல் வாடை சாப்பிடுகிற சோறு வரைக்கும் கூட வரும். வேலையில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரை வைத்து எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே யோசனை. அறுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்து நான்கு வயதாக இருந்தபோது, ஓர் ஆனி மாதம் அதற்கு வழி பிறந்தது. மெட்ராஸில் இன்ஜின் செய்கிற கம்பெனி ஒன்றுக்குப் பரீட்சை எழுதியிருந்தேன், அங்கிருந்து பிட்டர் வேலைக்கு உத்தரவு வந்தது. பதினைந்து நாளைக்குள் போய்ச் சேர வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். மனைவி செங்கோட்டைக்காரி. உத்தரவைக் காட்டியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்க கடல் உண்டுல்லா?" என்பதுதான். உண்டு என்றேன். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் அம்மியை யாருக்குக் கொடுப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அதுதான் வினை. இன்ஜினைக் கிளப்பிவிட்டு எடுத்துப் படிப்பேன், மடித்து வைப்பேன், மறுபடியும் எடுப்பேன். சிலிண்டர் சூடேறாமல் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கு வெளியே ஒரு தொட்டியும் குழாயும் உண்டு. அந்தக் குழாயை முந்தின நாள் கழுவுவதற்காக அடைத்திருந்தேன். திறக்க மறந்துபோனேன். பெயிண்ட் கருகுகிற வாடை வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஆறுகிறவரை காத்திருக்க வேண்டும். வேறு எவனாவது அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் செவிட்டிலேயே ஒன்று வைத்திருப்பேன். நானோ பதறிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். சாரல் காலத்துத் தண்ணீர், ஐஸ் மாதிரி. கொதித்துக்கொண்டிருந்த வார்ப்பிரும்பில் அது போய் விழுந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. சுவரைப் பார்த்த பக்கத்தில், தண்ணீர் ஓடுகிற வெளிக்கூட்டில், ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விட்டு ஆவி சீறியது.

முதலாளி அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். அறுபது வயது, மில்லை ஒட்டிய வீட்டில்தான் குடியிருந்தார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கீறலைக் குனிந்து பார்த்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார். தபால்காரர் மூலமாக ஊருக்கே தெரிந்த சங்கதி அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"சரியாக்க முடியுமாலே?" என்று மட்டும் கேட்டார்.

வார்ப்பிரும்பை அந்த இடத்தில் வைத்தே வெல்டிங் செய்ய முடியாது. கழற்றி மதுரைக்கு அனுப்பினாலும் உடையாமல் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. பிளாக் என்கிற அந்த வார்ப்பைப் புதிதாக வாங்க ஏஜெண்டிடம் தந்தி அடித்துக் கேட்டதில், நாலைந்து மாதம் ஆகும் என்று பதில் வந்தது. மில் நின்றுவிட்டது. நெல் மூட்டையோடு வந்த பெண்கள் வாசலில் நின்று என்னைப் பேசியதெல்லாம் இன்ஜின் அறை வரைக்கும் கேட்டது. உடைத்துவிட்டு ஓடுகிறான் என்ற பேரோடு மெட்ராஸுக்கு ரயில் ஏற எனக்கு மனசில்லை.

அப்போதுதான் லாரி டிரைவர் ஒருவர் உதவிக்கு வந்தார். கடையநல்லூர்க்காரர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். எங்கள் மில் அரிசியைப் புளியறை வழியாகக் கொச்சிக்கு ஏற்றிப் போகிறவர். கொச்சியில் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் அவருடைய மைத்துனர் வேலை பார்த்தார். அங்கிருந்து இரண்டு தகர டப்பா வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். ஒன்றில் அரைத்த உளுந்து மாவு பதத்தில் கறுப்பாக ஒரு பசை, இரும்புத்தூள் கலந்தது. கை தாங்காத கனம். இன்னொன்றில் அதை இறுக வைக்கிற வெள்ளை மருந்து. வெளிநாட்டுச் சரக்கு. இரண்டையும் பிசைந்து பூசினால் இரும்போடு இரும்பாகிவிடும் என்றார்.

"பசையாவது, இரும்பாவது. பத்து நாள் நிக்குமா பாய்?" என்றேன்.

"கப்பலுக்கே அதத்தான் பூசுதாங்க. ஒங்க நெல்லு மில்லுக்குப் பத்தாதோ?" என்றார்.

நான் நம்பவில்லை. ஆனாலும் செய்கிறதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று என் கைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கீறல் மேற்கொண்டு ஓடாமல் இருக்க இரண்டு முனையிலும் பொடித் துளை போட்டேன். கீறல் நெடுகிலும் உளியால் பள்ளம் வெட்டினேன். சுற்றிலும் இருந்த பெயிண்டைச் சுரண்டி, அரத்தால் ராவிச் சொரசொரப்பாக்கினேன். பெட்ரோலில் துணியை நனைத்து மூன்று தரம் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல் அளவு இருந்தாலும் இந்தப் பசை பிடிக்காது. ஈரமும் ஆகாது. வெளியே சாரல் நசநசவென்று பெய்துகொண்டிருந்தது, சுவரெல்லாம் வேர்த்திருந்தது. பிளோ லாம்ப்பைப் பற்றவைத்து இரும்பைச் சூடுகாட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஓடு ஒன்றின்மேல் பசையையும் மருந்தையும் வைத்து, நிறம் ஒன்றாகிறவரை கத்தியால் குழைத்தேன். குழைக்கக் குழைக்கச் சூடாயிற்று. அரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் பள்ளத்தில் அழுத்தி நிரப்பிவிட வேண்டும். மறுநாள் அரம் போட்டுப் பார்த்தேன். இரும்பு மாதிரியே தூள் உதிர்ந்தது. தண்ணீர் விட்டோம். ஒரு சொட்டு வரவில்லை.

இன்ஜின் ஓடியது. மாலையில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முதலாளியிடம் போனேன்.

"அண்ணாச்சி, நான் நாளன்னைக்குக் கெளம்புதேன்."

"புது பிளாக் வந்து மாட்டுத வரைக்கும் இருந்துட்டுப் போயேன். பசையை நம்பி எப்படிலே மில்ல ஓட்ட?" என்றார்.

பிளாக் வர ஐந்து மாதம். கம்பெனி கொடுத்த கெடுவில் இன்னும் ஒன்பது நாள். எழுதிக் கேட்டால் ஒரு மாதம் நீட்டுவார்கள். என் மூளை வேகமாக வேலை செய்தது. இந்த ஒட்டு பத்து நாளைக்கு மேல் நிற்காது, அதிகம் போனால் மூன்று வாரம். "பிளாக் வருத வரைக்கும்லாம் இல்ல அண்ணாச்சி. இந்த ஒட்டு நிக்கித வரைக்கும் இருக்கேன். விட்டுட்டுன்னா நான் போயிருவேன், நீங்க தடுக்கப்பிடாது" என்றேன். பெரிய சாமர்த்தியம் என்று எனக்கு நினைப்பு.

அவர் பூஜை மாடத்திலிருந்து தட்டில் ஒரு சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தார்.

"ஒன் வார்த்தப்படியே இருக்கட்டும். அணை."

எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. எரிகிற சூடத்தில் உள்ளங்கையை வைத்து அணைத்தேன். ஒட்டு நிற்கும்வரை நானும் நிற்பேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது சத்தம் போடுவது இயல்பு.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "சூடத்த அணைக்கக் கை போதும்லா. வாயி எதுக்கு ஊடால வந்துது?" என்றாள்.

பத்து நாள் போயிற்று. கம்பெனி ஒரு மாதம் தவணை கொடுத்தது. அந்த ஒரு மாதமும் காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் சுவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி நுழைந்து ஒட்டை விரலால் தடவிப் பார்த்தேன். ஈரம் இருக்காதா என்று ஏங்கினேன். உலகத்தில் தான் போட்ட ஒட்டு விட்டுப்போக வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒட்டு கல்லாக நின்றது. கெடு முடிந்த அன்று முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

அடுத்த மாதமே முதலாளி புது பிளாக்குக்குக் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்தார். நல்லாத்தானே இருக்கு என்றார். ஆயுத பூஜைக்கு இன்ஜின் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அடிக்க வைத்து, பொட்டும் வைத்தார். ஒட்டைப் பார்க்கத் திருவேங்கடத்திலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வெடித்த பம்பு, உடைந்த கியர் பெட்டி என்று என்னிடம் தூக்கி வந்தார்கள். பாய் டப்பா வாங்கி வந்து கொடுப்பார், நான் ஒட்டிக் கொடுப்பேன். எல்லாம் நின்றது. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் ஒட்டுக்கே ஒரு துளி எண்ணெயைத் தடவியிருந்தால் நான் மெட்ராஸில் இருந்திருப்பேன். அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை. வந்திருந்தாலும் கை கேட்டிருக்காது.

ஒரு சீசனில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் பம்பை ஒட்டப் போயிருந்தேன். பசை இறுகுகிறவரை மோட்டார் அறை வாசலில் நின்றேன். மெட்ராஸ்காரர்கள் ஒரு குடும்பம் குளித்துவிட்டு, துண்டைப் பிழிந்துகொண்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று அவசரப்பட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் என்னிடம், "குடுத்து வச்சவங்க நீங்க, வருஷம் பூரா இங்கேயே இருக்கீங்க" என்றார். அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. ஆமாம் சார் என்றேன்.

முதல் வருடம் தினமும் ஒட்டைப் பார்த்தவன், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்த்தால் வயிறு எரிந்தது. சுவர்ப்பக்கம் என்பதால் பார்க்காமல் இருப்பதும் சுலபம். மனைவி கடலைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சத்தியத்தை மீறலாமே என்று அவள் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அவளுக்கும் சூடத்தின்மேல் பயம்தான்.

மூன்று வருடம் கழித்து அதே கம்பெனியில் வேலை பார்த்த ஒருவன் கடிதம் எழுதினான். என்னோடு பரீட்சை எழுதியவன். மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள், அனுபவம் உள்ளவனுக்கு இருபத்தெட்டு வயதுவரை கெடு, உடனே புறப்பட்டு வா, மேலதிகாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று இருந்தது. எனக்கு இருபத்தேழு முடியப் போகிறது. மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "நீங்க போட்ட ஒட்டுதான. நீங்களே எடுத்தா என்ன?" என்றாள்.

அவள் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்படிச் செய்வது பாவம்தான். ஆனால் ஒட்டு நிற்கும்வரை என்றுதானே சொன்னேன், அது எப்படி விட வேண்டும் என்று சொல்லவில்லையே. அடுத்த அமாவாசைக்கு மில் லீவு. நடுப்பகலில் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் நுழைந்து, உளியை வைத்தேன். மூன்று வருடப் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அதற்கடியில் வந்ததைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் போட்ட ஒட்டு ஒரே நிறம், அரம் போட்டு வழவழப்பாக்கியது. இது அப்படி இல்லை. வெள்ளையும் கறுப்புமாகக் கோடு கோடாக, சரியாகக் குழைக்காத பசை. பழைய பெயிண்டின்மேலேயே பூசி, கட்டைவிரலால் அழுத்தியிருந்தது. விரல் ரேகைகூடத் தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பச்சைப் பெயிண்ட். இரண்டு தட்டில் எல்லாம் கழன்று விழுந்தது. கடைசியாக என்னுடைய ஒட்டு தெரிந்தது. அதன் கீழ்முனையில் ஒரு விரற்கடை நீளத்துக்கு இரும்பைவிட்டுப் பிரிந்து, துருக்கோடு ஓடியிருந்தது. பழைய துரு.

மூன்று முறை எனக்கு விடுதலை வந்திருக்கிறது. அது தெரியாமல் நான் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கழன்ற பூச்சில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். அவர் மடியில் அதைப் போட்டேன். அவரிடம் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

"இது யாரு பூசினது அண்ணாச்சி?"

எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறைக்கவில்லை. "நான்தாம்லே. ஒன் கொழுந்தியா கல்யாணத்துக்கு நீ செங்கோட்டைக்குப் போனீல்லா, அப்பம் மொத மட்டம் கசிஞ்சுது. பெறகும் ரெண்டு மட்டம். லீவு நாள்ல பாத்துப் பூசி, மேல பெயிண்டும் அடிச்சிருவேன். எனக்கு ஒன்ன மாதிரி வேல வராது" என்றார்.

"நான் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினேன். நீங்க இப்டிப் பண்ணலாமா?"

"சத்தியம் பண்ணினது நீதானலே. நான் பண்ணலியே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கு டப்பா, மூடி திறக்காதவை. "பாய்ட்டச் சொல்லி வாங்கி வச்சேன். நீ போயிட்டேன்னா இன்ஜின யாரு பாப்பா? நேராக் கேட்டா நீ இருக்கவா போற?"

என் ஆயுசுக்குப் போதுமான பசை அந்த அலமாரியில் இருந்தது. போகிறேன் என்றேன். போ என்றார். அவ்வளவு சுலபமாகப் போ என்று சொல்வார் என்றும் நான் நினைக்கவில்லை.

நேரே வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். உளியையும் சுத்தியலையும் எடுக்க இன்ஜின் அறைக்குத் திரும்பினேன். என்னுடைய சொந்தக் கருவிகள், விட்டுவிட்டுப் போக முடியாது. சுவர்ப்பக்கம் குனிந்தபோது, முனை பிரிந்து நின்ற என் ஒட்டும் அதனடியில் உதிர்ந்து கிடந்த அவருடைய கண்றாவிப் பூச்சும் கண்ணில் பட்டன. என் ஒட்டு என்று எத்தனையோ ஊரிலிருந்து வந்து பார்த்தார்கள். இனிமேல் இவன் போட்ட லட்சணத்தைப் பார் என்பார்கள். மறுநாள் காலையில் நெல்லோடு வந்து நிற்கப்போகிற பெண்களின் பேச்சு காதில் கேட்கிற மாதிரி இருந்தது. இதைச் சரியாக்கிவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். ஒரு மணி நேர வேலை. பிறகு ஒரு நாள் காய வேண்டும், தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் கூட இருந்து கவனித்துவிட்டால் நல்லது.

முதலாளி வீட்டுக்குப் போய் ஒரு டப்பாவும் அதற்கான மருந்தும் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். பழைய ஒட்டு முழுவதையும் வெட்டி எடுத்தேன். பெட்ரோலில் துடைத்தேன். சூடுகாட்டினேன். நிறம் ஒன்றாகிறவரை குழைத்தேன். அந்த ஒரு மணி நேரமும் மெட்ராஸ் ஞாபகமே வரவில்லை என்பதைப் பூசி முடித்த பிறகுதான் உணர்ந்தேன்.

வீட்டுக்கு வரும்போது சாயங்காலமாகிவிட்டது. மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து, சேலைகளை மடித்து அடுக்கியிருந்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மூன்று பூச்சு, அலமாரி, அண்ணாச்சி சொன்ன பதில், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பாகப் பசை ஒட்டியிருந்தது, பழையது இல்லை, ஈரம் காயாதது.

"இந்த மட்டம் யார்ட்டச் சூடம் அணைச்சிய?" என்று கேட்டாள்.

யாரிடமும் இல்லை என்றேன். அவள் மடித்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டாள்.